புள்ளியில் தொடங்கும் பெயர்கள்

பதுளை
2026.02.03

ஜெயகுமார் அவர்களுக்கு,

என் லெப்டொப் வந்து சேர்ந்தது. பூனாகலையில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போனதை அம்மா அரிசிப் பையில் சுற்றி நேற்று பஸ்ஸில் கொண்டுவந்தாள். உடைந்திருந்த கீல் சரியாகியிருக்கிறது. திரையைத் துடைத்தும் இருக்கிறீர்கள். நன்றி.

பொங்கலன்று நான் கேட்டது கீலை மட்டும்தான். "பண்டாரவளையில நம்ம ஜௌபர் நானா கடை இருக்கு, குடு, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். திரை எரிகிறதா என்று கடையில் பார்க்க வேண்டுமே என்று கடவுச்சொல்லையும் சொல்லிக் கொடுத்தேன்.

நேற்றுத் திறந்தபோது அது என்னைத் தெரியாததுபோல நடந்துகொண்டது. தமிழ் விசைப்பலகை இல்லை. எழுத்தெல்லாம் எறும்பளவு. நான்கு வருடமாக என் கடிதங்களைக் கொண்டுவந்த மின்னஞ்சல் செயலி, நீங்கள் யார் என்று கேட்டது. நான் எழுதிவைத்த கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. என் பழக்கங்கள்தான் இல்லை. வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, எது எங்கே இருக்கும் என்ற நினைவை மட்டும் யாரோ திருடிப்போனதுபோல.

தொலைபேசியில் உங்களைக் கேட்டேன். நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்: "அது கெடக்கட்டும். ஏன் ஒளிச்சு வச்ச? யாருக்கு ஒளிச்சு வச்ச? மொதல்ல அதச் சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பிறகு உங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டேன். பேசினால் நீங்கள் கேள்விதான் கேட்பீர்கள். எழுதினால் பதில் சொல்லக்கூடும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புறைகள் என் கணக்கில் இருந்தன. அவற்றை என்ன செய்தீர்கள்?

தயானி


ஹல்துமுல்லை
2026.02.09

அன்புள்ள தயானிக்கு,

கடிதம் கிடைத்தது. பரிசம் போட்ட மாப்பிள்ளைக்கு, அதுவும் தாய்மாமன் மகனுக்கு, எந்தப் பொண்ணு "அவர்களுக்கு" என்று எழுதும்? எங்கள் ஆபீசில் கொழுந்து லொறிக்காரருக்கு எழுதும்போதுகூட நான் "அன்புள்ள" போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்பது வருடமாகத் தோட்ட ஆபீசில் கம்பியூட்டர் கிளாக்கர். எனக்கு நீ பாடம் நடத்தத் தேவையில்லை. நடந்தது இதுதான். கீல் மாட்டி முடிந்ததும் ஜௌபர் நானா, மறைந்திருப்பதைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். வருகிற எல்லா மெஷினுக்கும் அவர் அதைச் செய்வார். அதுவரை ஏழு போல்டர் இருந்த இடத்தில் ஐம்பது! நாற்பத்து மூன்று புதிது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புள்ளி. நானா தலையில் கை வைத்தார்.

"ஒளிஞ்சிட்டு ஈக்கிறதெல்லாம் வைரஸ்தான் தம்பி. பென்ட்ரைவ்ல வாறது இப்பிடித்தான். வெச்சிட்டு ஈந்தா மெஷினே பாழாப் போகும்."

பேர்களை வாசித்தேன். தண்டர்பேர்ட் என்று ஒன்று. மொசில்லா என்று ஒன்று. வைன் என்றும் ஒன்று. நானா "அஸ்தக்பிருல்லா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது? வைகாசியில் கல்யாணம் கட்டப்போகிறவள் நாற்பத்து மூன்று விஷயத்தை மறைத்து வைத்திருந்தால் கேட்க எனக்கு உரிமை இல்லையா? உன் நன்மைக்குத்தான் அழித்தோம். மெஷின் இப்போது சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. நீ அந்தச் சட்ட உதவி ஆபீஸ் பேரைச் சொல்லிக்கொண்டு மண்சரிவு முகாமுக்குப் போய், பொம்பளைகளைக் கூட்டிவைத்துக் கதை எழுதுகிறாயாம். எங்கள் மனேஜர் பெரிய தொர கேட்டார், "அந்தப் புள்ள ஒன் வூட்டுக்கு வரப்போறவதானே ஜெயகுமார்?" என்று. மண் சரிந்த அந்தத் தோட்டமும் எங்கள் கம்பனிதான். மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயகுமார்


பதுளை
2026.02.14

ஜெயகுமார் அவர்களுக்கு,

"அழித்தோம்" என்று பன்மையில் எழுதிப் பாதிக் குற்றத்தை ஜௌபர் நானாவிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கடைக்கு வரும் பென்ட்ரைவ்களில் ஒளிந்திருப்பவை உண்மையாகவே வைரஸ்தான். அவர் விண்டோஸ் அறிந்தவர். என்னிடம் இருப்பது லினக்ஸ். ஒன்பது வருடம் கம்பியூட்டர் கிளாக்கராக இருப்பவர் இந்த வித்தியாசத்தைக் கேட்டாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

பாடம் வேண்டாம் என்கிறீர்கள். நடத்தத்தான் போகிறேன். லினக்ஸில் ஒரு கோப்புறையின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அது திரையில் தெரியாது. அதில் ரகசியம் எதுவும் இல்லை. தினமும் பார்க்கத் தேவையில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு செயலியும் என் விருப்பங்களை அங்கே குறித்துவைக்கிறது: எழுத்து எவ்வளவு பெரிது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும். வீட்டில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிறது. அதை யாருக்கு ஒளித்து வைத்தார்கள் என்று எவராவது கேட்பாரா?

நீங்கள் பொறாமைப்பட்ட தண்டர்பேர்ட் ஒரு மின்னஞ்சல் செயலி. வைன் என்பது விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் உதவி. பொருத்தம் பார்க்க நீங்கள் ஒரு ஜாதக மென்பொருள் அனுப்பினீர்களே, அதைத் திறப்பதற்காக நிறுவினேன். பத்துக்கு எட்டு என்று காட்டியது. அந்த மென்பொருளும் உங்களைப் போலத்தான், நிறைய எண்ணுகிறது.

நாற்பத்து மூன்றில் ஒன்றில் மட்டும் ஒரு சாவி இருந்தது. அது எதற்கென்று சொல்கிறேன். நவம்பரில் அந்தத் தோட்டத்தில் மண் இறங்கி இரண்டு லய வீட்டு வரிசைகள் போனது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே ஆபத்து அறிவித்தல் ஆபீசுக்கு வந்துவிட்டது என்றும், தங்களிடம் எவரும் சொல்லவில்லை என்றும், காலையில் வழக்கம்போல வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்றும் பத்தொன்பது பெண்கள் என்னிடம் சொன்னார்கள். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து எழுதினேன். எழுதியதைப் பூட்டினேன். அந்தச் சாவி இல்லாமல் அந்தக் கோப்பை உலகத்தில் எவராலும் திறக்க முடியாது. சாவி மட்டும் இருந்தாலும் போதாது, அதற்கு ஒரு சொல் உண்டு. அது என் தலைக்குள் இருக்கிறது. அதனால்தான் தொரையின் கிளாக்கருக்கு இதைப் பயமில்லாமல் எழுதுகிறேன்.

பூட்டிய கோப்பு எங்கே இருந்தது தெரியுமா? திரையின் நடுவில், "தையல் வகுப்பு" என்ற பெயரில். நீங்கள் அதைத் தொடவே இல்லை. நீங்கள் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது ரகசியம் உங்கள் மூக்குக்கு முன்னால் தையல் படித்துக்கொண்டிருந்தது.

இவற்றைக் கொடுக்க வேண்டிய மண்சரிவு விசாரணை மார்ச் 12. நீங்கள் செய்த காரியத்தால் அது நின்றுவிடாது. சனிக்கிழமை தோறும் பூனாகலை வீட்டில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து அம்மாவின் அலுமாரியில் வைக்கிறேன். உங்கள் அறியாமைக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தயானி


ஹல்துமுல்லை
2026.02.19

அன்புள்ள தயானிக்கு,

பிரதி இருக்கிறதென்றால் எனக்கு எதற்கு நான்கு பக்கம்?

தண்ணீர்க் குழாய் பற்றி எழுதியிருந்தாய். நீ பிறந்து வளர்ந்த லயத்தில் குழாய் சுவருக்கு வெளியேதான் ஓடுகிறது. அதுவும் ஒரு குழாய், பன்னிரண்டு குடும்பத்துக்கு. பதுளை போர்டிங்கில் நாலு வருடம் இருந்ததும் உனக்கு எல்லாம் சுவருக்குள் போய்விட்டது. நான் இன்னும் வெளிக் குழாயில்தான் முகம் கழுவுகிறேன். எனக்கு ஒளிந்திருப்பது என்றால் சந்தேகம்தான் வரும்.

நானும் முட்டாள் இல்லை. அழிக்கும் முன் அந்த நாற்பத்து மூன்றையும் என் பென்ட்ரைவில் ஏற்றச் சொல்லித்தான் அழிக்கவிட்டேன். எல்ல டவுனில் ஹோட்டல் ஒன்றில் கம்பியூட்டர் பார்க்கிற முன்ஸிப் என்னோடு படித்தவன். அவனிடம் காட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன். வெறும் எழுத்தளவுதான் என்றால் நீ ஏன் பயப்பட வேண்டும்?

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஜெயகுமார்


பதுளை
2026.02.24

ஜெயகுமாருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதையாவது அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை அம்மாவின் அலுமாரியிலிருந்து டிஸ்கை எடுத்தேன். நான்கு வருடத்துப் பிரதிகள். ஒவ்வொன்றிலும் ஏழு கோப்புறைகள்தான் இருக்கின்றன.

நான் பிரதி எடுக்கும் விதம் எளிமையானது. "எல்லாவற்றையும் தேர்ந்தெடு" என்பேன், இழுத்துப் போடுவேன், முடிந்தது என்று வந்ததும் தேநீர் ஊற்றப் போவேன். திரை எனக்குக் காட்டுவதைத்தான் அது தேர்ந்தெடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான். மறைந்திருப்பவை ஒரு தரம்கூட அந்த டிஸ்கில் ஏறியதில்லை. உங்களுக்கு எழுதிய பாடத்தில் நானே தோற்றிருக்கிறேன். ஜௌபர் நானா, தெரியாதது எல்லாம் கெட்டது என்று நினைத்தார். நான், தெரியாதது எல்லாம் கூடவே வரும் என்று நினைத்தேன். யார் பெரிய முட்டாள் என்று நீங்களே தீர்மானிக்கலாம். உங்களுக்கு அதில் அனுபவம் உண்டு.

மன்னிக்கவும். கடைசி வரியை அடித்திருக்க வேண்டும்.

குழாய் பற்றி நீங்கள் எழுதியது சரி.

நான் கேட்பது அந்தப் பென்ட்ரைவை. இப்போது அந்தச் சாவி இருக்கும் ஒரே இடம் அதுதான். எதையும் திறந்து சேமிக்காமல் அப்படியே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மார்ச் 12க்கு இன்னும் பதினாறு நாள். பத்தொன்பது பேர் என்னை நம்பிச் சொன்னது.

கேட்கிறேன்.

தயானி


ஹல்துமுல்லை
2026.03.01

தயானிக்கு,

"அன்புள்ள" போடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முன்ஸிப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உன் மெயில் போல்டரில் ஒரு பைலை நோட்பேட்டில் திறந்தான். சட்டம் மாதிரி நாலு வரி. தலைப்பில் "பிறகு" என்று இருந்தது. கீழே என் ஆபீஸ் மெயில் முகவரி. என்னடா இது என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"நீ அனுப்புறதெல்லாம் நேரா வேற பெட்டிக்குப் போகுது மச்சான். வந்த சத்தமே கேக்காது. பொறகு பாத்துக்குவோம்டு வெச்சீக்கிறா. எப்பவாச்சும் பாத்தாளோ என்னமோ!"

பைலின் திகதி போன வருடம் ஆடி மாதம். பரிசம் போட்டது ஆவணியில். அந்த நேரம் நான் தினமும் ஆபீசில் சோறு திங்கிற நேரத்தில் உனக்கு எழுதுவேன். "வேலை அதிகம், இப்பதான் பாத்தேன்" என்று நீ மூன்று நாள் கழித்துப் பதில் போடுவாய். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

வைரஸ் இல்லை என்று எழுதினாயே. இதற்கு என்ன பேர்?

பென்ட்ரைவ் வேண்டுமானால்: ஒன்று, அம்மாவோடு இங்கே வந்து பெரியவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு, முகாம் வேலையை விட வேண்டும். மூன்று, கல்யாணத் திகதியை அன்றைக்கே வைக்க வேண்டும். வருகிற ஞாயிறு, எட்டாம் திகதி. பன்னிரண்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கும். உன் கணக்கு உனக்கு.

ஜெயகுமார்


பதுளை
2026.03.14

ஜெயகுமாருக்கு,

முதலில் "பிறகு."

அது நான் செய்ததுதான். நீங்கள் என் கோப்புறைகளைத் திறந்து பார்த்ததைவிட அது கேவலமான காரியம். உங்கள் மின்னஞ்சல்கள் எனக்குச் சலிப்பாக இருந்தன. தொரை என்ன சொன்னார், யார் யாருக்குப் பதவி உயர்வு, என்னென்ன நிறத்தில் மண்டபம். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு இயந்திரத்திடம் சொல்லிவைத்துவிட்டு, ஆவணியில் வந்து சேலையை வாங்கிக்கொண்டேன். ஆடியிலேயே முடித்திருக்க வேண்டிய பேச்சு. உங்களை ஏளனம் செய்ய எனக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஏமாற்றை நீங்கள் சம்பாதிக்கவில்லை.

அடுத்தது உங்கள் மூன்று நிபந்தனைகள். எட்டாம் திகதி நான் ஹல்துமுல்லைக்கு வரவில்லை. முகாமுக்குப் போனேன்.

பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளில் சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ரெங்கம்மா கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மண்ணில் மகளைக் கொடுத்தவர். நான் சொல்லவேண்டியதை நின்றபடியே சொன்னேன்.

"என்னா மிஸ், அம்புட்டும் போயிருச்சா?"

"எழுதினது இருக்கு. தொறக்க முடியல."

"பூட்டச் சொன்னது யாரு?"

"நீங்கதானே... பேரு வெளிய வரக்கூடாதுன்னு."

பக்கத்துச் சேலைக்குப் பின்னாலிருந்து சிவசக்தி தலையை நீட்டினாள். என் வயதுதான் இருக்கும். "பேரு வேணாம்னு சொன்னது நீங்க மிஸ். வந்த ஒடனே அதத்தான சொன்னீங்க? படிச்ச புள்ள சொல்லுதுன்னு நாங்க தலைய ஆட்டினோம்."

யாரோ சிரித்தார்கள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று நினைவில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு யாரும் என்னைப் பார்ப்பது பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரெங்கம்மா கையை முந்தானையில் துடைத்தார். "கடதாசிதானே தொலைஞ்சிச்சு? நாங்க இங்கனதான கெடக்கோம். உக்காரு, எழுது. இந்தவாட்டி என் பேர மொதல்ல போடு."

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். "என் மகன் ரெண்டு பேரும் அதே தோட்டத்துலதான் பேரு பதிஞ்சிருக்காங்க. என்னைய விட்டுருங்க மிஸ்" என்றார் ஒருவர். விட்டுவிட்டேன். பதினான்கு பேர் சொன்னார்கள். மூன்று நாளில் எழுதி முடித்தேன். கையால், கொப்பியில்.

நேற்று முன்தினம் விசாரணை. உங்கள் கம்பனியின் வழக்கறிஞர் எழுந்து, பெயர் இல்லாத குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்ல முடியாது என்று தொடங்கினார். அந்தப் பேச்சை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருந்தார், பாவம். அவர் முடிக்கும் முன்பே பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான் ரெங்கம்மா. மூணாம் நம்பர் லயம். அஞ்சாவது காம்பரா."

அடுத்து சிவசக்தி. அடுத்தவர். பதினான்கு பேரும் எழுந்து பெயரையும் லயத்தையும் காம்பராவையும் சொன்னார்கள். அந்தக் காம்பரா அறைகள் எதுவும் இப்போது இல்லை. விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஆபத்து அறிவித்தல் ஆபீசுக்கு வந்த திகதியைக் காட்டும் பதிவேட்டை அடுத்த தவணைக்குக் கொண்டுவரும்படி உங்கள் ஆட்களிடம் சொன்னார். முடிவு என்னவாகும் என்று தெரியாது. ஆனால் என் பூட்டுக்குள் இருந்திருந்தால் அந்த நாற்காலி நகர்ந்திருக்காது.

சேலையும் மோதிரமும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மாமாவிடம் சேர்ப்பாள். பென்ட்ரைவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் எழுத்தளவு உங்களுக்குப் பயன்படக்கூடும். தூரத்தில் இருப்பதைப் பார்க்க உதவாது, மூக்குக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க உதவும்.

தயானி


ஹல்துமுல்லை
2026.03.19

தயானிக்கு,

சேலையும் மோதிரமும் வந்தன. அம்மா அழுதார். அப்பா தோட்டத்துக்குள் போய்விட்டார்.

பெரிய தொர என்னைக் கூப்பிட்டார். "பதினாலு பேரு எப்பிடி வந்தாங்க? ஒனக்கு ஏதும் தெரியுமா?" தெரியாது என்றேன். உன் பெப்ரவரி மாதக் கடிதம் என் மேசை லாச்சியில் இருந்தது. பத்தொன்பது பெண்கள், சாவி, விசாரணைத் திகதி, எல்லாம் அதில் எழுதியிருந்தாய். அவர் கேட்டபோது என் முழங்கால் அந்த லாச்சியில் முட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கு முன்னாலும் சொல்லவில்லை. ஒளித்து வைத்தேன் என்று வேண்டுமானால் எழுது.

நான் முதல் கடிதத்தோடேயே பென்ட்ரைவை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்குக் காரணம் எழுதத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நாற்பத்து மூன்றும் இருக்கிறது. முன்ஸிப் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னான், இந்தப் பொண்ணு எல்லா இடத்திலும் ஒரே விஷயத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறாள், "சத்தம் வேண்டாம்" என்று. மெயில் வந்தால் சத்தம் வேண்டாம், பிழை வந்தால் சத்தம் வேண்டாம், மெஷின் திறக்கும்போதும் சத்தம் வேண்டாம்.

நான்தான் சத்தம் போலிருக்கிறது.

ஜெயகுமார்


பதுளை
2026.03.27

ஜெயகுமாருக்கு,

பென்ட்ரைவ் வந்தது. தொரையிடம் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது பெரிய வீரம் இல்லை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, பரிசத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதையே நான் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சாவியை அதன் இடத்தில் வைத்தேன். சொல்லைத் தட்டினேன். "தையல் வகுப்பு" திறந்தது.

பத்தொன்பது வாக்குமூலங்களையும் வாசித்தேன். என் தமிழ் அவற்றில் நிறைய இருந்தது. "அச்சத்தின் பிடியில் அன்றைய பொழுது விடிந்தது" என்று ரெங்கம்மா சொன்னதாக எழுதியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் எந்தக் காலத்திலும் வராது. விசாரணையில் அவர் சொன்னது, "மண்ணு வந்திச்சு, புள்ள கைய விட்டுட்டேன்" என்று மட்டும்தான். நல்லவேளை, அந்த அறைக்குள் என் வாக்கியம் போகவில்லை.

ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள் அல்லவா. அவர்கள் வேண்டாம் என்றது பெயரை மட்டுமல்ல. அவர்கள் சொன்னதை வைத்திருக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. மற்றப் பதினான்கும் கொப்பியில் அவரவர் பேச்சில் இருக்கின்றன. ஆகவே கோப்பையும் டிஸ்கில் இருந்த அதன் பிரதிகளையும் முழுதாக அழித்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். திறக்க ஒன்றும் இல்லாதபோது சாவி எதற்கு என்று அதையும் அழித்தேன். எழுத்தளவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். "பிறகு" என்ற விதியை எடுத்துக்கொள்ளவில்லை. இனி உங்களிடமிருந்து எதுவும் வரப்போவதில்லை.

பென்ட்ரைவ் உங்களுடையது. அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஜௌபர் நானாவிடம் கொடுத்து அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை.

தயானி